முயல் ரோமத்தோல்: எந்த இனம், ஆணா பெண்ணா, எத்தனை மாதத்தில் எடுப்பது?

கூக்கால்_கூண்டு:

எல்லோருக்கும் வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில் கறிக்காக முயல் வளர்க்கிறோம். நியூசிலாந்து வெள்ளை அதிகம், அடுத்து சோவியத் சின்சில்லா, கொஞ்சம் வெள்ளை ஜெயண்ட். 12 வாரத்தில், உயிர் எடை 2 கிலோ சுமாருக்கு வந்ததும் வெட்டுக்குப் போகிறது. தோல் முழுக்கக் குழியில்தான் போடுகிறோம். முடியோடு பதனிட்டால் குல்லா, கைப்பை, விரிப்பு செய்ய ஆள் இருக்கிறது என்று சொன்னதால் ஒரு பதனிடும் இடத்துக்கு மாதிரி கொடுத்தோம். திரும்பி வந்ததில் ஏறக்குறைய பாதியில் முடி இழுத்தால் கையோடு வருகிறது. மீதியில் முதுகில் ஒரு உயரம், இடுப்பில் ஒரு உயரம் என்று திட்டுத்திட்டாக இருக்கிறது.

கேட்ட இடமெல்லாம் வேறு வேறு பதில். ஆண் தோல்தான் தடிமன், அதை எடு என்கிறார் ஒருவர். பெண்ணுக்குத்தான் முடி அடர்த்தி என்கிறார் இன்னொருவர். சின்சில்லா வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் மூன்றாமவர். உண்மையில் இனம் எவ்வளவு தூரம் காரணம், ஆண்-பெண் எவ்வளவு தூரம்? 5, 6 மாதம் வரை வைத்திருந்தால் தீவனச் செலவுக்குக் கட்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெட்_நீலகிரி:

தம்பி, நீங்கள் கேட்ட இரண்டுக்கும் முன்னால் வயது நிற்கிறது. உங்கள் மாதிரித் தோல் கெட்டதற்கு இனத்தையும் பாலினத்தையும் விட 12 வாரம் என்பதே பெரிய காரணமாக இருக்க வேண்டும்.

முயலின் முடி நிற்காமல் வளர்ந்துகொண்டே இருப்பதில்லை. ஒவ்வொரு முடிக்குழியும் கொஞ்ச காலம் வளர்க்கும், பிறகு ஓய்வெடுக்கும், பிறகு பழையதைத் தள்ளிவிட்டுப் புதியதை முளைக்க விடும். சாதாரண முயலில் அந்த வளர்ச்சிக் கட்டம் சுமார் 5 வாரம். வளரும்போது வேர் தோலின் அடிவரை இறங்கியிருக்கும். வளர்ந்து முடிந்ததும் வேர் மேலேறி, நுனி தடித்துத் தோலில் கெட்டியாக உட்காரும். ரோமத்தோலுக்கு வேண்டியது இந்த ஓய்வு நிலைதான். உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் ஓய்வில் இருக்க வேண்டும் என்பதில்தான் சிக்கல்.

குட்டி முடியில்லாமல் பிறக்கிறது. பத்துப் பன்னிரண்டு நாளில் மெல்லிய குட்டிமுடி போர்த்துவிடும். பால் மறக்கிற பருவத்தை ஒட்டி அது உதிரத் தொடங்கி இடைமுடி வருகிறது. 4, 5 மாத வாக்கில் இடைமுடியும் உதிர்ந்து முதிர்முடி வருகிறது. நீங்கள் வெட்டும் 12 வாரத்தில் பல முயல்களின் முதுகில் இடைமுடி நின்றிருக்கும், இடுப்பில் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். உங்களுக்கு வந்த திட்டுகள் அதுதான்.

இனம் இங்கே ஒரு விதத்தில் குறுக்கிடுகிறது. வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா எல்லாம் வளர்ந்தால் 4.5, 5 கிலோ வரை போகக்கூடிய உடம்பு. அதற்கு 2 கிலோ என்பது பாதிக்கும் குறைவு. பெரிய உடம்புள்ள இனம் மெதுவாக முதிரும், முடி மாற்றமும் அந்தக் கணக்கிலேயே பின்தங்கும். டச்சு மாதிரிச் சின்ன இனம் அதே 12 வாரத்தில் தன் முதிர்ச்சிக்கு இன்னும் கிட்டத்தில் நிற்கும். ஒரே வயதில் வெட்டி இரண்டு இனத்தின் தோலை ஒப்பிட்டால் இனத்தை ஒப்பிட்டதாக ஆகாது, முதிர்ச்சியைத்தான் ஒப்பிட்டிருப்பீர்கள். இதைக் கவனிக்காமல் போடும் சண்டைதான் பாதி.

ஆண், பெண் விஷயத்துக்கு வருகிறேன். 12 வாரத்தில் இரண்டும் பருவமடையவில்லை. எடையிலும் முடியிலும் கண்டுகொள்ளும் அளவு வித்தியாசம் இருக்காது. அந்த வயதில் தோலை ஆண், பெண் என்று பிரிப்பது வீண் வேலை. 4 மாதத்துக்கு மேல் கதை மாறுகிறது. ஆணுக்குப் பிடரியிலும் தோளிலும் தோல் தடிக்கும். பெண்ணுக்குத் தோல் மெல்லியதாக, சீராக இருக்கும், ஆனால் தாடைக்குக் கீழே சதைமடிப்பு இறங்கத் தொடங்கும். அதைவிட முக்கியம், இரண்டுமே தன் தோலைத் தானே கெடுக்கத் தொடங்கும். ஆண் சண்டை போட்டுப் பக்கத்து முயலின் முதுகையும் இடுப்பையும் கடித்துக் கிழிக்கும், சிறுநீர் பீய்ச்சி வெள்ளை முடியை மஞ்சளாக்கும். பெண் கூடு கட்ட மார்பு முடியையும் தாடை மடிப்பு முடியையும் பிடுங்கும்.

இத்தனை தோல் குழிக்குப் போவதைப் பார்த்து வருத்தப்படுவது நியாயம். ஆனால் 12 வாரத்துத் தோலில் ஆண், பெண் மாற்றி எதுவும் மீளாது.

பேர்ணாம்பட்டு_தோல்:

டாக்டர் சொன்னது சரி. தோல் எங்கள் மேசைக்கு வந்தபின் தெரிவதை நான் சொல்கிறேன்.

முதலில், முடி கழன்றது எதனால் என்று பிரியுங்கள். இரண்டு காரணம், இரண்டுக்கும் மருந்து வேறு. கழன்ற முடியை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். முடி தனித்தனியாக வருகிறது, அடியில் உலர்ந்த சின்னத் தடிப்பு இருக்கிறது, அது போன இடத்தில் குட்டையாகப் புது முடி எட்டிப் பார்க்கிறது என்றால் அது உதிர்வுப் பருவம். கொத்தாக வருகிறது, அடியில் மெல்லிய ஈரச் சவ்வு ஒட்டிக்கொண்டு வருகிறது, முக்கியமாக வயிற்றில் தொடங்கியிருக்கிறது, லேசான நாற்றம் என்றால் அது அழுகல். உரித்ததும் உப்புப் படாமல் சூட்டோடு குவித்து வைத்ததால் வந்தது. மேல்மலைக் குளிரில்கூட, உரித்த தோலைச் சாக்கில் போட்டுக் கட்டினால் உள்ளே சூடு நிற்கும். வெட்டின கையோடு உரித்து, நிழலில் விரித்து ஆறவிட்டு, தோல் எடையில் பாதி அளவு பொடியுப்பைச் சதைப்பக்கம் ஓரம் வரை தேய்க்க வேண்டும். ஓரம், கால், கழுத்து மடிப்பை விட்டுவிடுவார்கள், அங்கேதான் முதலில் கழலும். சரிவாகப் பலகையில் வைத்து நீர் வடியவிட்டு, மறுநாள் பழைய உப்பைத் தட்டிவிட்டுப் புது உப்பு. வெயிலில் காயவைக்கவே கூடாது. கொழுப்பு உருகித் தோலுக்குள் இறங்கிவிட்டால் அந்த இடத்தில் எந்தப் பதனும் ஏறாது.

அடுத்து, சதைப்பக்கத்தைப் படிப்பது. சின்சில்லா மாதிரி நிறமுள்ள முயலில் இது சுலபம். முடி வளர்ந்துகொண்டிருக்கும் இடத்தில் வேரில் இருக்கும் கருநிறம் தோலின் உள்பக்கம் தெரியும். உரித்துத் திருப்பினால் கருநீலத் தீவுகளாக இருக்கும். அந்தத் தீவு உள்ள இடமெல்லாம் முடி இன்னும் நிலைக்கவில்லை. உள்பக்கம் முழுக்க வெண்மையாக இருந்தால் முதல்தரம். நியூசிலாந்து வெள்ளையிலும் வெள்ளை ஜெயண்டிலும் நிறமே கிடையாது, அதனால் இந்த அடையாளமும் கிடையாது. வளரும் இடம் சற்றுத் தடித்து மெத்தென்று இருக்கும், அவ்வளவுதான். வெள்ளை முயல் வளர்ப்பவர்கள் உரித்தபின் கண்டுபிடிக்கலாம் என்று நம்பக்கூடாது, உயிரோடு இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

இங்கே பலர் கைவைத்துக் கெடுப்பது, சதை வாரும்போது. வளரும் வேர் ஆழத்தில் இருப்பதால் கத்தியை ஒரு நூல் கூடுதலாக அழுத்தினாலும் வேர் அறுந்துவிடும். பதனிட்டு முடித்தபின் முடி கொட்டும், பழி பதனிடப் போட்ட படிகாரத்தின் மேல் விழும். அதனால் நீலத் தீவு உள்ள தோலுக்குக் கூர்க்கத்தி வேண்டாம். ஊறவைத்துக் கையால் சவ்வை உரித்து எடுங்கள்.

ஆண் தோல் தடிமன் என்பது உண்மை, ஆனால் நல்லது என்பது பாதி உண்மை. முதிர்ந்த ஆணின் பிடரி தடித்து, வயிறு மெல்லியதாகவே இருக்கும். ஒரே தொட்டியில் போட்டால் வயிறு பதனாகி முடிந்தபோது பிடரி நடுவில் பச்சையாக இருக்கும். காய்ந்ததும் அந்த இடம் அட்டை போல விறைக்கும். ஒரு ஓரத்தைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள்; வெட்டுமுகத்தில் நடுவில் கண்ணாடி போலக் கோடு தெரிந்தால் இன்னும் ஊற வேண்டும். பிடரியை மட்டும் முன்கூட்டியே வாரி மெலிதாக்கிக் கொண்டால் சரியாகும். விரிப்புக்கும் செருப்பு உள்பக்கத்துக்கும் ஆண் தோல் தாங்கும். குல்லா, கழுத்துப்பட்டி என்று மடங்கி வளைய வேண்டியதற்குப் பெண் தோல் கைக்கு இணங்கும்.

வீட்டளவில் செய்து பார்க்க நினைத்தால் பழைய படிகார முறையே போதும். 4 லிட்டர் தண்ணீரில் 450 கிராம் படிகாரம் ஒரு பாத்திரத்தில். இன்னொன்றில் 2 லிட்டர் தண்ணீர், 110 கிராம் சலவை சோடாக் கற்கள், 220 கிராம் உப்பு. இரண்டாவதை முதலாவதில் மெல்ல மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் பொங்கித் திரிந்துவிடும். பிளாஸ்டிக் தொட்டிதான், இரும்போ அலுமினியமோ வேண்டாம். மெல்லிய முயல் தோலுக்கு 2 நாளில் இருந்து பார்க்கத் தொடங்கலாம், முதிர்ந்த ஆணுக்கு 4, 5 நாள்கூட ஆகும். படிகாரத் தோல் தண்ணீரில் நனைந்தால் பதன் இளகிவிடும் என்பதை வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.

நூல்_கம்பளி:

ஒரு சந்தேகம். கம்பளிக்காக வளர்க்கும் அங்கோரா முயலில் ஆணைவிடப் பெண்ணுக்குக் கம்பளி அதிகம் என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். ஹிமாச்சலில் குல்லு பக்கம் கார்சாவில் மத்திய ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் கிளை இருக்கிறது, அங்கோரா வளர்ப்பவர்கள் எல்லோரும் பெண்களைத்தான் கூடுதலாக வைக்கிறார்கள். அப்படியிருக்க ரோமத்தோலுக்கும் பெண்ணுக்கே முடி அதிகம் என்று சொன்னவர் சரிதானே? டாக்டர் ஏன் வித்தியாசமில்லை என்கிறார்?

வெட்_நீலகிரி:

நல்ல கேள்வி. குழப்பம் எங்கிருந்து வந்தது என்பதும் இதில் தெரிந்துவிடும்.

அங்கோராவில் பெண் அதிகம் தருவது உண்மை. பிரெஞ்சு அங்கோராவில் ஆணின் மகசூல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஆனால் அது முதிர்ந்த முயலில், அறுவடைக்கு அறுவடை எடை போட்டுப் பார்த்த கணக்கு. அங்கோராவின் முடி சாதாரண முயலைவிட வேகமாக வளர்வதில்லை. வளர்ச்சிக் கட்டம்தான் நீளம். சாதாரண முயலில் 5 வாரம் என்றால் அங்கோராவில் சுமார் 14 வாரம். ஒரே ஒரு ஒடுங்கு மரபணு (தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரிவது) வளர்ச்சியை நிறுத்தும் சைகையைக் கெடுத்து வைத்திருக்கிறது. அத்தனை நாள் வளரும்போது பாலினத்தின் சிறு வித்தியாசமும் தராசில் ஏறும்.

ரோமத்தோலில் நாம் கிராம் கணக்கில் முடியை விற்கவில்லை. 5 வாரத்தில் நீளம் முடிந்துவிடுகிறது, அதற்குமேல் ஆணானாலும் பெண்ணானாலும் நீளாது. மிச்சம் இருப்பது அடர்த்தி, சீர்மை, தோலின் பரப்பு. பரப்பு உடம்போடு போகிறது. முதிர்ந்த பெண் ஆணைவிடச் சற்று எடை கூடும், ஆனால் எடை ஏறும் வேகத்தில் பரப்பு ஏறாது. 2 கிலோ முயல் 3 கிலோ ஆனால் எடை ஒன்றரை மடங்கு, தோல் 1.3 மடங்குதான். பாலினத்தால் வரும் நூறு, இருநூறு கிராம் எடை தோலில் ஒரு விரல் அகலம்கூடத் தராது.

முடியின் அமைப்பையே மாற்றுவது இனம்தான், அதற்கு ரெக்ஸ் என்ற இனத்தைப் பார்க்க வேண்டும். 1919இல் பிரான்சின் சார்த் பகுதியில் ஒரு சாதாரண ஈற்றில் தோன்றிய ஒடுங்கு மரபணு அது. மற்ற முயலில் நீண்டு முரட்டுத்தனமாக நிற்கும் மேல்முடி ரெக்ஸில் அடிமுடி உயரத்துக்கே குறுகிவிடுகிறது. அதனால் வெல்வெட் மாதிரி ஒரே மட்டம், சுமார் 16 மில்லிமீட்டர். பிரான்சின் இன்ரா ஆய்வு நிறுவனம் ரெக்ஸைத் தேர்ந்தெடுத்து வளர்த்துத்தான் ஓரிலாக் என்ற ரோமத்தோல் முயலை உருவாக்கியது. நியூசிலாந்து வெள்ளையில் எத்தனை தலைமுறை நல்ல முடிக்காகத் தேர்ந்தெடுத்தாலும் அந்த மட்டம் வராது; அடர்த்தி கூடலாம், மேல்முடி போகாது.

ரெக்ஸை உங்கள் முயலோடு கலக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. முதல் தலைமுறை முழுக்கச் சாதாரண முடியோடுதான் பிறக்கும். ஏமாந்துவிட்டோம் என்று அதை வெட்டிவிடாதீர்கள். அந்தக் குட்டிகளைத் தங்களுக்குள் சேர்த்தால் நாலில் ஒன்று ரெக்ஸ், திரும்பவும் ரெக்ஸோடு சேர்த்தால் பாதிக்குப் பாதி. ரெக்ஸுக்குப் பாதத்திலும் முடி குட்டை, அதனால் வெறும் கம்பித் தரையில் பாதப்புண் வரும், எடை கூடிய முயலுக்குச் சீக்கிரம் வரும். கூண்டில் ஒரு அடிக்கு முக்கால் அடி பலகையோ பிளாஸ்டிக் தட்டியோ போட்டுவிட வேண்டும்.

கூண்டுக்கணக்கு:

காசுக் கணக்கை யாரும் தொடவில்லை, அதனால் நான் போடுகிறேன்.

12 வாரத்திலிருந்து 24 வாரம் வரை என்றால் இன்னும் 84 நாள். ஒரு முயல் ஒரு நாளைக்கு 130 கிராம் குச்சித் தீவனம் சாப்பிட்டால் 11 கிலோ. அதற்கு எதிரே ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோ உயிர் எடை கூடும், ஒரு தோல் கிடைக்கும். உங்கள் ஊர்த் தீவன விலையைப் போட்டுப் பாருங்கள். அந்த எடைக்குக் கிடைக்கும் கறிக்காசைக் கழித்தபின் மிச்சச் செலவைத் தோல் ஒன்றே தூக்க வேண்டும். கூடவே ஒவ்வொரு முயலுக்கும் தனிக் கூண்டு. கறிக்காக வளர்க்கும் நியூசிலாந்து வெள்ளையில் இது கட்டாது, நேராகவே சொல்லிவிடுகிறேன். தோலுக்காகவே ஒட்டுமொத்தக் குட்டிகளையும் நிறுத்தாதீர்கள்.

கட்டுகிற வழி வேறு. எந்தப் பண்ணையிலும் இனப்பெருக்கத்துக்கு என்று 5, 6 மாதம் வரை நிறுத்தும் முயல்கள் உண்டு. அதில் கழித்துவிடும் பெண்கள், ஆண்கள் எல்லாம் ஏற்கெனவே தீவனம் தின்று முதிர்ந்தவை. தோலுக்கு உங்கள் சரக்கு அதுதான். ஈற்றுக்கு முன் கழிக்கும் 5, 6 மாதப் பெண் எனக்கு முதல் தேர்வு: தோல் மெல்லியது, சீரானது, கூடு கட்டிப் பிடுங்காதது, தாடை மடிப்பு இன்னும் தொங்காதது. அடுத்தது தனியாக வளர்ந்த அதே வயது ஆண். சண்டை போட்ட ஆணின் தோலை எடுக்காதீர்கள். ஆறிப்போன கடித்தழும்பு முடிக்குள் தெரியாது, பதனிட்டு இழுக்கும்போது ஓட்டையாகத் திறக்கும்.

12 வாரத் தோலை என்ன செய்வது என்றால், முடியோடு விற்க நினைக்காதீர்கள். முடியை வெட்டி எடுத்து ஃபெல்ட் தொப்பிக்குப் பயன்படுத்தும் தொழில் ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் உண்டு, அங்கே முடி நீளம் திட்டுத்திட்டாக இருந்தாலும் ஓடும். ஆனால் அதற்கு ஆயிரக்கணக்கில் தோல் வேண்டும். உங்கள் அளவுக்கு உரமாகப் போவதே சரி.

இனத்தில் எதை நம்புவது? ஒரே நிறத் தோல் அதிகம் சேர்க்க முடிந்தால் வெள்ளை, ஏனென்றால் எந்தச் சாயமும் ஏறும், பத்துத் தோலை ஒட்டித் தைத்தாலும் தையல் தெரியாது. சாயம் போடாமல் அப்படியே விற்பதென்றால் சோவியத் சின்சில்லா. அடியில் சாம்பல்நீலம், நடுவில் வெளிர்ப்பட்டை, நுனியில் கருமை. ஊதிப் பார்த்தால் வளையம் வளையமாகத் திறக்கும். ஆனால் சின்சில்லாவில் தோலுக்குத் தோல் சாயல் மாறும், ஜோடி சேர்ப்பது கஷ்டம். இரண்டையும் கலக்காதீர்கள். வெள்ளையோடு சேர்ந்த முதல் தலைமுறை சின்சில்லா மாதிரிதான் இருக்கும், கொஞ்சம் வெளிறியிருக்கும். அதையும் தங்களுக்குள் சேர்த்தால் அடுத்த தலைமுறையில் நாலில் ஒன்று வெள்ளை, மீதியில் நிறம் எப்படி வரும் என்பது அந்த வெள்ளை முயல் உள்ளே மறைத்து வைத்திருந்த மரபணுவைப் பொறுத்தது. ஒரே மாதிரிச் சரக்கு என்ற பேச்சே போய்விடும்.

உங்கள் பண்ணையிலேயே சோதித்துப் பார்க்க ஆசை இருந்தால் ஒழுங்காகச் செய்யுங்கள். ஒவ்வொரு இனத்திலும் ஒரே ஈற்றுக் குட்டிகளில் ஓர் ஆண், ஒரு பெண் என்று ஜோடியாக எடுங்கள். ஈறு மாறினால் தாயின் பாலும் ஈற்றின் எண்ணிக்கையும் எடையை மாற்றிவிடும், அதைப் பாலின வித்தியாசம் என்று எழுதிக்கொள்வீர்கள். பால் மறக்கும்போது பார்த்த ஆண், பெண்ணை 10 வாரத்தில் திரும்பச் சரிபாருங்கள், குட்டியில் தவறுவது சகஜம். ஜோடியை ஒரே அடுக்கில் வையுங்கள். மேலடுக்கில் வெளிச்சமும் சூடும் கூடுதல், கீழடுக்கில் குறைவு. 8, 12, 16, 20, 24 வாரத்தில் எடை, பிடரி, நடுமுதுகு, இடுப்பு மூன்று இடத்தில் இரும்பு ஸ்கேலை முடிக்குள் தோல்வரை நிறுத்தி மில்லிமீட்டரில் நீளம், உதிர்வு இருக்கிறதா இல்லையா. முடியை ஸ்கேலோடு இழுத்து நீட்டாமல் நிற்கிறபடியே அளக்க வேண்டும். உரித்தபின் சதை வாரிய எடை, கழுத்திலிருந்து வால்வரை நீளம், நடு அகலம். இவ்வளவு இருந்தால் போதும், உங்கள் கேள்விக்கு உங்கள் கூண்டே பதில் சொல்லும்.

கூக்கால்_கூண்டு:

மிக்க நன்றி, அண்ணன்மார்களே, டாக்டர் சார். அப்படியென்றால் கழிக்கும் முயலை மட்டும் எடுப்பது என்று முடிவு. மூன்று சந்தேகம் மிச்சம். வெள்ளை முயலில் உயிரோடு உதிர்வு பார்ப்பது எப்படி? எங்கள் கழிவில் பாதிக்கு மேல் இரண்டு மூன்று ஈற்று போட்ட பெண்கள், அவற்றின் தோல் உதவாதா? பிரெஞ்சு முறையில் குளிர்காலத்தில்தான் எடுப்பார்கள் என்று படித்தேன், எங்களுக்கும் மார்கழி, தை வரை காத்திருக்கணுமா? இன்னொன்று, சினையே இல்லாத பெண்களும் முடி பிடுங்குகின்றன, சிலதில் முதுகு முடியும் குட்டையாக இருக்கிறது.

வெட்_நீலகிரி:

உதிர்வு பார்ப்பது: நல்ல வெளிச்சத்தில் முயலை மடியில் வைத்து, முடிக்கு எதிர்த்திசையில் வாயால் ஊதுங்கள். பூ விரிந்த மாதிரி முடி பிரிந்து நடுவில் தோல் தெரியும். தெரியும் தோல் சின்னதாக இருந்தால் அடர்த்தி நல்லது. அடியில் குட்டையான புது நுனிகள் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு விரல் நுனியால் பத்து இருபது முடியைப் பிடித்து லேசாக இழுங்கள். நாலைந்துக்கு மேல் வந்தால் விட்டுவிடுங்கள். பிடரி, நடுமுதுகு, இரண்டு விலா, இடுப்பு என்று ஐந்து இடத்திலும் செய்ய வேண்டும். பிடரியை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டு இடுப்பில் ஏமாறுபவர்கள்தான் அதிகம். ஓர் இடத்தில் புது முடி தெரிந்தாலும் 3 வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள்.

ஈன்ற பெண்கள்: உதவும், உடனே அல்ல. பால் கொடுக்கும்போது புரதமெல்லாம் பாலுக்குப் போய்விடும், முடி பின்வாங்கும். பால் மறந்ததும் பெரிய உதிர்வு வரும். அதோடு, பிடுங்கிய இடத்தில் முடிக்குழி மற்ற இடத்தோடு சேராமல் தனியாக வளரத் தொடங்கும். அது முடிய 5 வாரம் ஆகும் என்று முன்பே சொன்னேன். பால் மறந்து குறைந்தது 6 வாரம் தனிக் கூண்டில் நல்ல தீவனம் கொடுத்து, மார்பிலும் வயிற்றிலும் முடி மட்டமானதைப் பார்த்துவிட்டு எடுங்கள். தாடை மடிப்பு பெரிதாகியிருந்தால் அந்தப் பகுதி சுருக்கம் போகாது, வெட்டிக் கழிக்க வேண்டியதுதான். அந்த 6 வாரத் தீவனத்துக்குத் தோல் கட்டாது என்று தோன்றினால் கறியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சினையில்லாமல் பிடுங்குவது பொய்ச்சினை. முயலுக்குக் கருமுட்டை சேர்க்கையின் தூண்டலில்தான் விடுபடும். இரண்டு பெண்கள் ஒரே கூண்டில் இருந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலே அது நடந்துவிடும். 16, 18 நாள் சினை மாதிரியே உடம்பு நடந்துகொண்டு, கடைசியில் கூடு கட்டப் பிடுங்கும். பருவமடையும் முன், 12, 13 வாரத்திலேயே பெண்களையும் தனித்தனிக் கூண்டில் போட்டால் இது வராது. ஆண்களைத் தனியாக வைக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும், பெண்களுக்கு அது தேவையில்லை என்று நினைப்பதால்தான் தோல் போகிறது.

முதுகு முடி குட்டையாக இருப்பது வேறு. உற்றுப் பாருங்கள், நுனி கூராக இல்லாமல் வெட்டினாற்போல இருந்தால் பக்கத்து முயல் கடித்துத் தின்கிறது. பெரும்பாலும் நார்ச்சத்துக் குறைவு, நெரிசல் இரண்டும் சேர்ந்தது. உலர்புல் எப்போதும் தட்டியில் இருக்கட்டும். குச்சித் தீவனத்தில் நார் 14 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, புரதம் 16, 17. முடி என்பதே கந்தகப் புரதம். மெத்தியோனின், சிஸ்டின் என்ற கந்தக அமினோ அமிலங்கள் இரண்டும் சேர்ந்து தீவனத்தில் 0.6 சதவீதமாவது வேண்டும், அங்கோராவுக்கு 0.8 என்பார்கள். கடலைப் பிண்ணாக்கை மட்டும் நம்பிய தீவனத்தில் மெத்தியோனின் பற்றாது. எள்ளுப் பிண்ணாக்கு கொஞ்சம் சேர்ந்தால் நல்லது. காது ஓரம், மூக்கு, பாதத்தில் பொருக்கு இருந்தால் அது சொறி, அந்த முயலின் தோலை எடுக்கவே வேண்டாம். கால்நடை மருத்துவரிடம் காட்டி மருந்து போட்டு, கூண்டைத் தீயால் வாட்டுங்கள்.

குளிர்காலம் பற்றி: பிரான்சில் பகல் நீளம் கோடைக்கும் குளிருக்கும் பாதிக்குப் பாதி மாறும். பாரீஸில் 16 மணி நேரப் பகல் 8 மணி நேரமாகிறது. பகல் குறைவதைக் கண் வழியாக அறிந்துதான் முயலின் உடம்பு குளிர்முடிக்கு மாறுகிறது, எல்லாம் ஒரே நேரத்தில் மாறுகின்றன. அங்கே நவம்பர் முதல் மார்ச் வரை தோல் நன்றாக நிற்பது அதனால்தான். கொடைக்கானலில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்கூட இல்லை. சைகை பலவீனம், அதனால் நம் முயல்கள் ஒரே நேரத்தில் உதிர்க்காமல் ஆளுக்கொரு நேரத்தில் உதிர்க்கும். குளிர் மாதத்தில் அடிமுடி சற்று அடர்த்தியாக இருக்கும், அதை வாய்ப்பாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நாட்காட்டியைப் பார்த்து மொத்தமாக வெட்டக்கூடாது. ஊதிப் பார்த்து ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டும்.

பேர்ணாம்பட்டு_தோல்:

கலிபோர்னியன் வாங்கும் எண்ணம் இருந்தால் ஒரு வார்த்தை. அந்த இனத்தில் கருநிறம் குளிர்ந்த தோலில்தான் வரும், அதனால்தான் மூக்கும் காதும் காலும் கறுப்பு. உங்கள் ஊர்க் குளிரில் முதுகிலோ விலாவிலோ முடி பிடுங்கப்பட்டு வெறும் தோல் தெரிந்தால், அங்கே வளரும் புது முடி சாம்பலாகவோ கறுப்பாகவோ முளைக்கும். வெள்ளைத் தோல் என்று எடுத்தால் நடுவில் கறை மாதிரி நிற்கும். வெளிர்நிறச் சாயம் ஏற்றினாலும் மறையாது, அடர்நிறச் சாயத்துக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

அனுப்பும்போது 5, 6 மாதப் பெண் தோல், ஆண் தோல், ஈன்ற பெண் தோல் மூன்றையும் தனித்தனிக் கட்டாகக் கட்டி, கழுத்தோரத்தில் நூலில் அட்டை கோத்து இனம், வயது, வெட்டிய தேதி எழுதிவிடுங்கள். கலந்து வந்தால் மெல்லிய பெண் தோல் ஊறி முடியும் நேரத்தில் தொட்டியைக் காலி செய்ய முடியாமல் ஆண் தோலுக்காகக் காத்திருக்க வேண்டி வரும். உப்புப் போட்ட தோலை நீளவாக்கில் சதைப்பக்கம் உள்ளே வரும்படி மடித்துச் சுருட்டுங்கள், பிளாஸ்டிக் பையில் கட்டாமல் சணல் சாக்கில் போடுங்கள்.